கள் காத்திருக்காது: சிங்கையில் புளிப்பும் குளிரும்



சென்ற பருவத்தில் தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பில், வீட்டிலுள்ள மூத்தோரிடம் பழைய சிங்கப்பூரைப் பற்றிக் கேட்டு வருமாறு மாணவர்களிடம் கூறியிருந்தேன். கம்பத்து வீடு, தெருவிளக்கடியில் படித்தது, சிராங்கூன் சாலையில் மாடு கட்டியிருந்தது என ஆளுக்கொரு செய்தியைக் கொண்டுவந்தனர். ஒரு மாணவன் மட்டும், "எங்கள் கொள்ளுத்தாத்தா சம்பள நாளன்று கள்ளுக்கடைக்குப் போவாராம். கள்ளுக்கடை என்றால் என்ன ஆசிரியர்?" என்று கேட்டான். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. நானோ, "அது அந்தக் காலத்துக் கடை" என்று கூறிப் பாடத்தை வேறுபக்கம் திருப்பிவிட்டேன். அவன் முகம் சுருங்கியதை இன்னும் மறக்க இயலவில்லை.

அக்கேள்விக்கான விடை எனக்கு எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. அதுவே இக்கட்டுரை.

ஒரு பழைய குளிர்பதனப்பெட்டி

என் கணவரின் தம்பி வீவக வீட்டில் வசிப்பவர். வீட்டிலேயே பியர் தயாரிப்பது அவருடைய பொழுதுபோக்கு. எங்கள் வீட்டில் மதுப் பழக்கம் இல்லையாதலால் நான் அதில் ஆர்வம் காட்டியதில்லை. ஒருநாள் அவருடைய சமையலறையின் பின்கட்டில் பழைய குளிர்பதனப்பெட்டி ஒன்றைக் கண்டேன். தட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டு, உள்ளே பெரிய கலன் ஒன்றை வைத்திருந்தார். கலனின் மேற்புறத்தில் மெல்லிய கம்பி ஒன்று ஒட்டப்பட்டு, அதன்மேல் பஞ்சுத்திண்டு சுற்றப்பட்டிருந்தது. கம்பியின் மறுமுனை கையடக்கமான ஒரு கருவியில் முடிந்தது. அதில் 19 என்னும் எண் ஒளிர்ந்தது.

"அண்ணி, நீங்கள் இட்லி மாவு புளிக்க வைப்பதுபோலத்தான் இதுவும். மாவுக்கு நம் ஊர்ச் சூடு போதும். பியருக்கு இந்தச் சூடு ஆகாது" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். மாவூறலில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு சாராயச் சத்தாகவும் கரிவளியாகவும் மாற்றுகிறது. 'ஏல்' வகைப் பியருக்கு ஏறத்தாழ 18 முதல் 22 பாகை செல்சியஸ் வேண்டும். 'லாகர்' வகைக்கு 8 முதல் 13 பாகை வேண்டும். நம் வீடுகளிலோ 28, 30 பாகை. போதாதற்கு, நொதிக்கும்போது ஈஸ்டே வெப்பத்தை வெளியிடுவதால் கலனுக்குள் சூடு இன்னும் சில பாகைகள் ஏறிவிடும். சூடு மிகுந்தால் வாழைப்பழ வாடையும் தொண்டையைச் சுடும் காரமும் வந்துவிடும். ஆகவேதான் அந்தக் கம்பி கலனின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது; அது அளப்பது பெட்டிக்குள் இருக்கும் காற்றை அன்று, கலனின் சூட்டை. குறித்த அளவைத் தாண்டினால் கருவி பெட்டியை இயக்கும், குறைந்தால் நிறுத்தும். அடிக்கடி இயங்கி நின்றால் அமுக்கி பழுதாகும் என்பதால், இடையில் சில நிமிட ஓய்வும் அமைத்திருந்தார்.

பெட்டியின் எளிமை என்னை வியப்பில் ஆழ்த்தியது. இத்தனை எளிதாகக் கிடைக்கும் குளிர், ஒரு காலத்தில் எவரிடம் இருந்தது?

குளிரை விலைக்கு வாங்கிய காலம்

ஐரோப்பியருக்கே குளிர் எளிதில் கிட்டவில்லை. பவேரியா நாட்டில் 1553ஆம் ஆண்டு, ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் தயாரிக்கத் தடை விதிக்கப்பட்டது. கோடையில் தயாரித்தது கெட்டுப்போனதே காரணம். குளிர்காலத்தில் தயாரித்ததைக் குகைகளில் பனிக்கட்டியிட்டுக் காத்தனர். 'லாகர்' என்னும் பெயரே ஜெர்மன் மொழியில் சேமித்து வைத்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

வெப்பநாடுகளுக்குக் குளிர் கப்பலில் வந்தது. அமெரிக்க வணிகர் ஃபிரெடரிக் டியூடர் ஏரிப் பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கடல் கடந்து விற்றார். அந்தப் பனிக்கட்டியை வைக்கச் சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த 'ஐஸ் ஹவுஸ்' கட்டடமே இன்றைய விவேகானந்தர் இல்லம். சிங்கப்பூரில், வாம்போ என்று அழைக்கப்பட்ட ஹூ ஆ கே 1854இல் ஆற்றங்கரையில் பனிக்கட்டிக் கிடங்கு ஒன்றை நிறுவினார். வாங்குவோர் போதாமல் அந்த வணிகம் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது.

1870களில் கார்ல் வான் லிண்டே என்னும் ஜெர்மானியப் பொறியாளர் குளிரூட்டும் இயந்திரத்தை வடிவமைத்தார். அதற்கு முதலில் ஆதரவளித்தோர் பியர் ஆலைக்காரர்களே. 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் ஹேன்சன் தூய ஈஸ்டைத் தனியே பிரித்து வளர்த்தார். குளிரும் தூய ஈஸ்டும் கைக்கு வந்தபின், நிலநடுக்கோட்டின் அருகிலும் லாகர் தயாரிக்கலாம் என்றாயிற்று.

நம் ஊரிலும் அவ்வாறே நடந்தது. ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனமும் ஹெய்னகென் நிறுவனமும் கூட்டாக 1931இல் மலாயன் புரூவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கின. 1932இல் டைகர் பியர் வெளிவந்தது. ஜெர்மானியரின் ஆர்க்கிபெலாகோ புரூவரி ஆங்கர் பியரைத் தயாரித்தது. போர்க்காலத்தில், 1941இல், அது மலாயன் புரூவரீஸ் வசமாயிற்று. ஜாலான் புக்கிட் மேராவில் உள்ள 'ஏபிசி பிரிக்வொர்க்ஸ்' உணவங்காடியில் நம்மில் பலர் உண்டிருப்போம். அந்த 'ஏபிசி' ஆர்க்கிபெலாகோ நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கமே.

காத்திருக்காத கள்

அதே காலத்தில் நம் தொழிலாளர் அருந்தியது கள். தென்னம்பாளையைச் சீவி வடியவிடும் இனிப்புநீர், பானையில் விழும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். அதற்கு ஈஸ்ட் இட வேண்டியதில்லை; காற்றிலும் பானையிலும் இருப்பதே போதும். நம் வெயில் அதை விரைவுபடுத்தும். காலையில் இனிக்கும் கள் மாலையில் கடுக்கும். ஓரிரு நாளில் காடியாகிவிடும். பியர் புட்டியில் மாதக்கணக்கில் காத்திருக்கும். கள் காத்திருக்காது. ஆகவே அதை வீட்டில் சேமித்து வைத்துச் சிறிது சிறிதாக அருந்த வழியில்லை. வேலை முடிந்ததும் கடைக்குச் சென்று, அங்கேயே, அப்போதே குடித்தாக வேண்டும். கள்ளுக்கடைக் கூட்டமும் கூச்சலும் தமிழருடைய இயல்பு என்று இகழ்ந்தோர் உண்டு. அந்தப் பானத்தின் இயல்பையும் சேர்த்து எண்ணிப் பார்த்தோர் சிலரே.

கள்ளால் நேர்ந்த கேட்டை நான் மறைக்க விரும்பவில்லை. சம்பளப் பணம் வீடு வந்து சேராத துயரத்தை எங்கள் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். கள்ளுண்ணாமைக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடைகள் இருந்தன. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களின் கோரிக்கைகளுள் கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்றாக இருந்தது. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது. கடையை மூடச் சொன்னவர்கள் அந்தக் கடையின் வாடிக்கையாளர்களே என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

சிங்கப்பூரில் அரசின் கட்டுப்பாட்டில் இயங்கிய கள்ளுக்கடைகள் 1970களின் இறுதியில் மறைந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நொதித்தலைக் கட்டுப்படுத்த நம் முன்னோரிடம் குளிர் இருந்ததில்லை, சுண்ணாம்பு இருந்தது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இனிப்புநீர் புளிக்காது, பதநீராகவே நிற்கும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. நம் பிள்ளைகள் விரும்பி உண்ணும் செண்டோலில் ஊற்றும் குலா மலாக்காவும் தென்னையின் இனிப்புநீரைப் புளிக்கவிடாமல் காய்ச்சியதுதான். தம்பியின் பெட்டி செய்யும் வேலையை அன்று ஒரு விரல் சுண்ணாம்பு செய்தது.

வீடு உள்ளவரும் இல்லாதவரும்

2004ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசு வீட்டில் பியர் தயாரிக்க வழிவிட்டது. விற்கக்கூடாது, குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டருக்கு மிகக்கூடாது, வாலை வடிக்கக்கூடாது என்பன அதன் வரம்புகள். தம்பி அந்த வரம்புக்குள் நின்று, எவருக்கும் தொல்லையின்றித் தம் பொழுதுபோக்கை நடத்துகிறார்.

2013 டிசம்பர் 8ஆம் நாள் லிட்டில் இந்தியாவில், பேருந்து விபத்தில் தமிழகத் தொழிலாளர் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. மதுவும் அதை வளர்த்த காரணங்களுள் ஒன்று என்று விசாரணைக்குழு கூறியது. 2015 ஏப்ரல் முதல் நாள் புதிய மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தபோது, லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின. ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் தேக்கா பக்கம் ஞாயிறு மாலையில் நடக்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். சொந்த வீடும் அதற்குள் ஒரு பெட்டியும் உள்ளவருடைய பழக்கம் பொழுதுபோக்கு எனப்படுகிறது. விடுதியில் வாழ்பவருடைய பழக்கம் தெருவில் நடப்பதால் சிக்கல் எனப்படுகிறது. கள்ளுக்கடைக் காலத்திலும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது.

அடுத்த வாரம் வகுப்பில் அந்த மாணவனை அழைத்து, "நீ கேட்டது நல்ல கேள்வி. நான்தான் அன்று விடை சொல்லவில்லை" என்றேன். பாளை, பானை, சுண்ணாம்பு, குலா மலாக்கா என அனைத்தையும் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். கள் குடும்பங்களைக் கெடுத்ததையும், அக்கடைகளை மூடச் சொல்லித் தொழிலாளர்கள் போராடியதையும் சொன்னேன். இம்முறை எவரும் சிரிக்கவில்லை. "என் கொள்ளுத்தாத்தாவும் போராடியிருப்பாரா?" என்று கேட்டான். "உன் பாட்டியிடம் கேட்டு வந்து எங்களுக்குச் சொல்" என்றேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் இதுபோல் ஏதேனும் கேட்டால் என்னைப்போல் பேச்சைத் திருப்பிவிடாதீர்கள். மூத்தோர் பட்ட பாட்டில் நாம் நாணுவதற்கு ஒன்றுமில்லை.