பரதேசி ஜெபாலயம், மட்டாஞ்சேரி

கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில், யூதத் தெருவின் கோடியில் இருக்கும் பரதேசி ஜெபாலயம் 1568இல் கட்டப்பட்டது. இந்தியாவில் வழிபாட்டுக்கு இன்னும் திறந்திருக்கும் யூத ஆலயங்களில் இதுவே மிகப் பழையது. உள்ளூரார் யூதப்பள்ளி என்பார்கள். கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே இதற்கு நிலம் கொடுத்தார். அரண்மனை வளாகத்துப் பழையன்னூர் பகவதி கோயில் அடுத்தாற்போல் இருக்கிறது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இருந்து துரத்தப்பட்டவர்களும், அலெப்போ, பாக்தாத் போன்ற ஊர்களிலிருந்து பின்னர் வந்து சேர்ந்த வணிகக் குடும்பங்களும் இதன் சபையார். அந்நிய தேசத்தார் என்ற பொருளில் பரதேசிகள் என்ற பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது.

கேரளத்து யூதர்களின் கதை இவர்களிடமிருந்து தொடங்கவில்லை. மிளகு வாங்க யவனர் மரக்கலங்கள் வந்துபோனதைச் சங்கப் பாடல்கள் பேசும் முசிறியே, யூத மரபிலும் முதல் குடியிருப்பு. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்தபின் முன்னோர் கடலேறி வந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. முக்கியமான எழுத்துச் சான்று கிடைப்பது கி.பி. 1000 வாக்கில். சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் யூதர் தலைவனுக்கு வழங்கிய செப்பேடு அது. முசிறியாகக் கருதப்படும் முயிரிக்கோட்டிலிருந்து, வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. யோசேப் ரப்பான் என்று உலகம் அறிந்தவர் அதில் 'இஸ்ஸுப்பு இரப்பான்' ஆகிறார். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையும் எழுபத்திரண்டு சிறப்புகளும் அவருக்கும் அவர் வழியினருக்கும் கொடுக்கப்படுகின்றன. பகல்விளக்கு, பாவாடை, குடை, காளம், தோரணம் என்று நீளும் அந்தப் பட்டியலைப் படிக்கத் தமிழருக்கு அகராதி வேண்டியதில்லை. பாவாடை மட்டும் இங்கே நடக்கும் வழியில் விரிக்கும் துணி. வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு ஆகியவற்றின் தலைவர்கள் சாட்சிகளாக நிற்கிறார்கள். ஒரு சிறுபான்மை வணிகக் கூட்டத்துக்கு அரசன் வெறும் வரிவிலக்கை மட்டும் தரவில்லை. பிரபுக்களுக்குரிய மரியாதையையே தந்தான்.

1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பார்கள். வணிகம் தெற்கே நகர, யூதர்களும் நகர்ந்தார்கள். கொச்சங்காடியில் 1344இல் எழுந்த ஜெபாலயத்தின் கல்வெட்டு, அந்தக் கட்டடம் அழிந்தபின், பரதேசி ஜெபாலயத்தின் மதிலில் பதிக்கப்பட்டிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில், பழைய முசிறிப் பகுதியான கொடுங்கல்லூரில் நடந்த தாக்குதல்களும் போர்த்துக்கீசியர் கெடுபிடியும் எஞ்சியிருந்தவர்களையும் கொச்சி அரசரிடம் அனுப்பின. அரசர் அவர்களின் தலைவருக்கு முதலியார் என்ற பட்டம் கொடுத்து, சமூகத்தின் உள்விவகாரங்களை அவர் பொறுப்பில் விட்டார். பழைய ஊரை அவர்கள் மறக்கவில்லை. இறந்தவரோடு ஒரு பிடி கொடுங்கல்லூர் மண்ணையும் இடுவது கொச்சி யூதர்களின் வழக்கமாக இருந்தது.

1662இல் டச்சுக்காரர் கொச்சியை முற்றுகையிட்டபோது யூதர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். முற்றுகை அப்போது பலிக்கவில்லை. போர்த்துக்கீசியர் ஜெபாலயத்தைச் சூறையாடிப் பழிதீர்த்துக்கொண்டார்கள். மறு ஆண்டே டச்சு ஆட்சி வந்தது. 1664இல் கட்டடம் மீண்டும் எழுந்தது. டச்சு ஆட்சிக் காலமே பரதேசிகளின் பொற்காலம். அதன் நடுநாயகர் எசக்கியேல் ரகபி (1694–1771), டச்சுக் கம்பெனியின் பெருவணிகர், அரசவைகளுக்குத் தூது சென்றவர். 1760இல் மணிக்கூண்டைக் கட்டியவர் அவரே. அதன் முகப்புகளில் எபிரேயம், ரோமானியம், மலையாளம் என வெவ்வேறு எண்கள். தரை முழுதும் பதித்திருக்கும் நீலவெள்ளைச் சீனப் பீங்கான் ஓடுகளும் அவர் காலத்தவை. ஒன்றைப் போல் இன்னொன்று இராது என்று பார்வையாளர்களுக்குச் சொல்லப்படுகிறது. உற்றுப் பார்த்தால் சில வடிவங்களே திரும்பத் திரும்ப வருவது தெரியும். கையால் தீட்டியதால் கிளையின் வளைவும் நீலத்தின் அழுத்தமும் ஓட்டுக்கு ஓடு மாறுகின்றன.

உள்ளே செருப்பணிந்து போகக் கூடாது. மற்ற நாடுகளின் ஜெபாலயங்களில் அரிதான இந்த வழக்கம் இங்கே அண்டைக் கோயில்களோடு சேர்ந்து வாழ்ந்ததால் வந்தது என்றே கொள்ளலாம். கூடத்தின் நடுவில் பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த, வேதம் வாசிக்கும் மேடை. மேலே பெல்ஜியக் கண்ணாடிச் சரவிளக்குகளும் எண்ணெய் விளக்குகளும். மாடத்தில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால், இரண்டாவது மேடை ஒன்று உண்டு. இரண்டு மேடைகள் வைப்பது கேரள ஜெபாலயங்களுக்கே உரிய அமைப்பு. இங்கே ரபி எனப்படும் குருமார் இருந்ததில்லை; மூத்தோரே வழிபாட்டை நடத்தினார்கள். ஆண்டின் பெருவிழா சிம்ஹத் தோரா. பட்டும் மல்லிகையுமாக அலங்கரித்த கூடத்திலிருந்து தோரா எனும் வேதச் சுருள்களை வெளியே எடுத்துவந்து, கட்டடத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டே வலம்வருவார்கள். திருவிழாக் காலத்துக் கேரளத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பஸ்கா பண்டிகைக்கு அரிசியை மணிமணியாகப் பொறுக்கிச் சுத்தம் செய்யும் வேலை பல வாரங்களுக்கு முன்பே வீடுகளில் தொடங்கிவிடும்.

இந்த ஆலயத்தைப் பற்றிய எழுத்துகளில் பல, அரசர்களின் பெருந்தன்மையோடு நின்றுவிடுகின்றன. ஜெபாலயத்துக்குள்ளேயே ஒரு தீண்டாமை இருந்ததையும் சொல்லாமல் வரலாறு முழுமையாகாது. கொச்சியில் தங்களுக்கு முன்பே வேரூன்றியிருந்த மலபார் யூதர்களைப் பரதேசிகள் சமமாக நடத்தவில்லை. கொண்டு கொடுக்கவும் இல்லை. அந்த மூத்த குடியின் உரிமைக்குச் சான்றான செப்பேடுகளே பிற்பாடு பரதேசி ஜெபாலயத்தின் காப்பில் வந்தன. அதைவிடக் கொடியது, மெஷுஹ்ராரிம் என்று அழைக்கப்பட்ட, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினருக்கு நேர்ந்தது. அதே சபையில் தொழுதும் அவர்கள் இருக்கைகளில் அமர முடியாது. தோரா வாசிக்க அழைப்பு வராது.

இந்த நிலையை மாற்றியவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). சென்னையில் பட்டமும் சட்டமும் படித்துக் கொச்சி யூதர்களில் முதல் வழக்கறிஞரானவர். கொச்சி சட்டசபை உறுப்பினர். 1929இல் லாகூர் காங்கிரசுக்குப் போனவர். நாட்டு விடுதலைக்குக் காந்தி கையாண்ட சத்தியாக்கிரகத்தைத் தம் சொந்த ஆலயத்தின் கூடத்தில், சொந்தச் சபையாரை எதிர்த்துக் கையாண்டார். உரிமைகள் ஒரே நாளில் கிடைக்கவில்லை. பல ஆண்டுகளில் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கப்பட்டன. யூதக் காந்தி என்ற பெயர் அவருக்குப் பொருத்தமானதே. செப்பேட்டின் எழுபத்திரண்டு உரிமைகளைச் சொல்லும் இடத்திலெல்லாம் சேலத்தின் பெயரையும் சொல்ல வேண்டும்.

பெண்களின் பங்கும் அப்படித்தான் மறைந்து கிடந்தது. திருமணங்களிலும் பண்டிகைகளிலும் யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிய பாட்டுகள் கையெழுத்து நோட்டுப் புத்தகங்களாகத் தாயிடமிருந்து மகளுக்குப் போயின. ஆண்கள் முன்னிலையில் பெண்கள் பாடுவதற்கு இங்கே தடை இருந்ததில்லை. மெஷுஹ்ராரிம் குடும்பத்தில் பிறந்த ரூபி டேனியல் இஸ்ரேலுக்குக் குடியேறிய பிறகு இப்பாட்டுகளைத் தேடி ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1995இல் தம் நினைவுகளையும் நூலாக்கினார். ஆய்வாளர்களான ஸ்கறியா சக்கறியாவும் பார்பரா ஜான்சனும் சேகரிப்பை விரிவாக்கினார்கள். பாடல்கள் அச்சில் நிலைபெற்றது இவர்களால்.

இஸ்ரேல் உருவானபின், 1950களின் நடுப்பகுதிக்குள், மலபார் யூதர்களில் பெரும்பாலோர் கூட்டமாகப் புறப்பட்டுவிட்டார்கள். நெகேவ் பாலைவனத்து நெவாதிம் போன்ற வேளாண் குடியிருப்புகள் அவர்களுக்குக் கிடைத்தன. தாங்கள் விரட்டப்பட்டுப் போகவில்லை என்பதைக் கொச்சி யூதர்கள் எப்போதும் அழுத்திச் சொல்வார்கள். பரதேசிகள் மெல்ல மெல்லப் போனார்கள். 1968இல் ஜெபாலயத்தின் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது. அப்போதே சபை சுருங்கியிருந்தது.

யூதச் சட்டப்படி கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு வெளியூர் யூதர்கள் வந்தால்தான் இப்போது வழி. யூதத் தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த யூத மூதாட்டி ஒருவர் 2019இல் 96 வயதில் மறைந்தபோது, அவரைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட முஸ்லிம் நண்பரிடம் கடை போயிற்று. 2024 ஆகஸ்டில் பரதேசிச் சமூகத்தின் கடைசிப் பெண்மணியும் காலமானார்.

கட்டடங்களுக்கு வாய்த்த கதி ஒன்றுபோல் இல்லை. பரவூர், சேந்தமங்கலம் ஜெபாலயங்களை முசிறி மரபுத் திட்டத்தில் கேரள அரசு புதுப்பித்தது. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெபாலயத்தின் உள்மர வேலைப்பாடுகள் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக உள்ளன. வெளிச்சுவர்களோ கவனிப்பாரின்றி 2019 மழையில் இடிந்தன. பரதேசி ஜெபாலயத்துக்கு அந்த ஆபத்து இல்லை. சுற்றுலாப் பயணிகள் தொடர்ந்து வருகிறார்கள்.