கவுனி அரிசியும் அத்தோவும்

பர்மாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து நிலைத்த உணவுகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று கவுனி அரிசி. வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துச் செட்டிநாட்டு விருந்துகளில் பரிமாறும் அந்தக் கறுப்பரிசி இன்று நட்சத்திர ஓட்டல் மெனுவிலும் இடம்பிடித்துவிட்டது. மற்றது அத்தோ என்ற நூடுல்ஸ். பாரிமுனைக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் இடையே பர்மா பஜாரை ஒட்டிய செகண்ட் லைன் பீச்சில் தொடங்கி, ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று வடசென்னை நெடுக மாலையில் தள்ளுவண்டிகளில் கிடைப்பது. கவுனி அரிசியைப் பார்த்து “இது அசல் பர்மா உணவுதானா?” என்று யாரும் கேட்பதில்லை, அது நம் மரபாகிவிட்டது. அத்தோவிடம் மட்டும் அந்தக் கேள்வி விடாமல் கேட்கப்படுகிறது. ரங்கூன் போய்வந்தவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அவர்கள் சுட்டும் வித்தியாசங்கள் எல்லாம் உண்மை. ஆனால் அந்த வித்தியாசங்களில்தான் அத்தோவின் வரலாறு இருக்கிறது என்பது என் வாதம். எது விடுபட்டது, எது சேர்ந்தது, ஏன் தள்ளுவண்டி, ஏன் மாலை நேரம் என்று கேட்டுப் பார்த்தால், கப்பலில் வந்து இறங்கிய ஒரு கூட்டத்தின் கதை முழுவதும் ஒரு தட்டில் கிடைக்கிறது.

1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பல் ஏறினால் ரங்கூன். நெல் வயல், அரிசி ஆலை, துறைமுகம், ரயில்வே, கடைத்தெரு என எங்கும் ஆள் தேவைப்பட்டது. 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். மேல்தட்டில் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டிநாட்டு நகரத்தார் இருந்தார்கள்: 1930களின் பெருமந்தத்தில் கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறியதில், 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் அவர்கள் வசம் வந்திருந்தது. கீழே, மூட்டை தூக்கியவர்கள், ஆலைக் கூலிகள், பெட்டிக்கடைக்காரர்கள், தையல்காரர்கள். 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது ஐந்து லட்சம் பேர் அளவில் இந்தியாவை நோக்கிக் கிளம்பினார்கள். பெரும்பாலோர் மலையும் காடும் தாண்டி நடந்தே வந்தவர்கள், வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். போர் முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். பர்மாவை ஊராகவே நினைத்தவர்கள் அவர்கள். 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகள் நாட்டுடைமை ஆயின. அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கடையும் போய், கையிலிருந்த காசும் காகிதமானபின் மிச்சம் என்ன? சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். நகையும் பணமும் கொண்டுவரக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது.

அவர்களில் மிகப் பலர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து முகாம், முகாமிலிருந்து காலனி. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் உருவாயின; எண்ணூரில் பர்மா நகர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1969-இல் ராஜாஜி சாலையின் நடைபாதையில் பர்மா பஜார் பிறந்தது. கடை கிடைத்தவர்கள் வெளிநாட்டுச் சாமான் விற்றார்கள். கிடைக்காதவர்கள் தங்களிடமிருந்த ஒரே முதலீட்டை, அதாவது கைப்பக்குவத்தை, வண்டியில் ஏற்றினார்கள். அன்றைய வடசென்னை இதற்குத் தோதான இடம். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, மணலியில் 1969-இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, இவற்றோடு துறைமுகம். ஷிப்ட் முடித்து வருகிறவனுக்கு விலை குறைவாக, காரசாரமாக, நின்றபடியே சாப்பிட ஒன்று வேண்டும்.

தட்டைச் சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம். ஆரஞ்சு நிறமேறிய தடித்த நூடுல்ஸ், வேகவைத்து ஆறவிட்டது. அதன்மேல் மெலிதாகச் சீவிய பச்சை முட்டைகோஸ், வெங்காயம், பொன்னிறமாய்ப் பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், வறுத்த மிளகாய்த் தூள், புளித் தண்ணீர், உப்பு, எலுமிச்சைச் சாறு. கடைசியாக பேஜோவை உள்ளங்கையில் நொறுக்கித் தூவி, எல்லாவற்றையும் கையாலேயே பிசைகிறார்கள். பேஜோ என்பது தட்டை போன்ற மொறுமொறு வறுவல். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப், மிளகுக் காரத்தோடு. அதே சூப்பை நூடுல்ஸ்மேல் ஊற்றினால் மொய்ங்கா. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் மிளகாயும் புளியும் வைத்துத் தந்தால் முட்டை மசாலா. வாயில் முழுசாகப் போட்டுக்கொள்ள வேண்டியது.

ரங்கூன்காரர் இதில் குறை காண்பது எங்கே? பர்மாவில் கோதுமை நூடுல்ஸைக் கோஸ் சீவலோடு பிசைந்து தரும் உணவு இன்றும் இருக்கிறது. ஆனால் அதில் காய்ந்த இறாலும் மீன் சாறும் இருக்கும். மொய்ங்கா அங்கே மீன் குழம்பு: கெளுத்தி இன மீனை வேகவைத்து, எலுமிச்சைப்புல்லும் வாழைத்தண்டும் சேர்த்து, கடலை மாவு கரைத்துக் கெட்டியாக்குவது. அதுவும் காலைச் சாப்பாடு. சென்னையில் பெரும்பாலான வண்டிகளில் சூப்பில் மீன் இல்லை, நேரமும் மாலைக்கு மாறிவிட்டது. ஙாப்பி என்ற மீன் விழுதையும், ஊறவைத்த தேயிலையைக் கொண்டு செய்யும் லபெட்டையும் வண்டிகளில் தேடிப் பயனில்லை. இவை தற்செயலான இழப்புகள் அல்ல. லபெட்டுக்கான தேயிலை ஷான் மலைகளிலிருந்து வரவேண்டும். நெ வின் ஆட்சி நாட்டைப் பூட்டி வைத்திருந்தது. காலை நேரத்தை இட்லியும் பூரியும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தன. புதிதாக வந்தவனுக்கு மிச்சமிருந்தது மாலைதான். மீன் விஷயம் கொஞ்சம் யோசிக்க வைப்பது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஏன் மீன் போகவேண்டும்? காசிமேட்டில் கிடைப்பது கடல்மீன், மொய்ங்கா கேட்பது ஆற்று மீன் என்பது ஒரு காரணமாகலாம். அதைவிட வலுவாக எனக்குப் படுவது வாடிக்கையாளர். பாரிமுனையிலும் அதை அடுத்த சௌகார்பேட்டையிலும் சைவம் சாப்பிடும் வியாபாரிகளும் குமாஸ்தாக்களும் நிறைய. ஒரே அண்டா சூப்பை எல்லோருக்கும் ஊற்ற வேண்டுமென்றால் மீனை எடுத்துவிடுவதே வழி. வாழைத்தண்டு நமக்கும் பழகியது, மலிவானது. அது தங்கிவிட்டது.

“அப்படியானால் இது பர்மா உணவே இல்லையே” என்று கேட்கலாம். அசல் ரங்கூன் சமையல் என்று ஒன்று கலப்பில்லாமல் இருந்தது என்ற நினைப்பில் பிறக்கும் கேள்வி இது. ரங்கூன் தேநீர்க் கடைகளில் பலாட்டா என்று விற்பது நம் பரோட்டாவின் உறவு. டான்பாவ் என்பது பிரியாணி. சமோசாவைத் துண்டாக்கிக் கோஸோடு பிசைந்து தின்பது அந்த ஊர் வழக்கம். இந்தியக் கைகள் ரங்கூன் சமையலுக்குள் எப்போதோ போய்விட்டன. அந்தக் கைகளில் சிலவே திரும்பி வந்து வண்டி தள்ளின. கியூபாவிலிருந்து அமெரிக்கா போனவர்களிடமும் இப்படித்தான். 1959 புரட்சிக்குப் பின் ஹவானாவை விட்டுக் கிளம்பியவர்கள் மயாமியில் ஒரு சின்ன ஹவானாவையே அமைத்துக்கொண்டார்கள். அதற்கு வெகு முன்பே டாம்பா நகரின் ஈபோர் சிட்டியில் சுருட்டுத் தொழிற்சாலைகளை நம்பிக் கியூபர்கள் வாழ்ந்தார்கள். டாம்பாவின் கியூபன் சாண்ட்விச்சில் சலாமி இருக்கும். மயாமிக்காரர்கள் அது கூடாது என்பார்கள். ஈபோர் சிட்டியில் கியூபர்களின் அண்டை அயலாராக இத்தாலியர்கள் இருந்ததே சலாமி நுழைந்ததற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 2012-இல் டாம்பா நகர மன்றம் அந்தச் சலாமியோடேயே அதைத் தன் ஊரின் அடையாளமாக அறிவித்தது. சலாமி டாம்பாவுக்கு எதுவோ, மீனில்லாத சூப் சென்னைக்கு அது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. இன்று வண்டி போடுபவர்கள் எல்லோரும் பர்மாவிலிருந்து வந்த குடும்பத்தார் அல்ல. பச்சைக் கோஸ் பிடிக்காதவர்களுக்காக வாணலியில் வறுத்துத் தரும் அத்தோ ஃப்ரையும் வந்துவிட்டது. அதைப் பார்த்தால் சாலையோர நூடுல்ஸுக்கும் அதற்கும் பெரிய பேதம் தெரியாது. இங்கே எனக்கும் ஒரு எல்லை உண்டு. வறுத்துவிட்டால் பச்சைக் கோஸின் நறுக்கென்ற கடியும், கையால் பிசையும்போது புளி எல்லா இழையிலும் ஏறுவதும் போய்விடுகின்றன. பிசைவதுதான் அந்த உணவின் செய்முறையே. ஆனால் விற்பவர் யார் என்ற கேள்வியில் பிறப்பைப் பார்க்க எனக்குச் சம்மதமில்லை. வியாசர்பாடித் தெருவில் பக்கத்து வீட்டாரிடம் கற்று வண்டி போட்டவரும் அந்தத் தொழிலின் வாரிசுதான். பர்மா தமிழர்கள் தனித்தீவாக இல்லாமல் வடசென்னையோடு கலந்தார்கள் என்பதற்கு அதுவே ஆதாரம். கலக்க முடியாதவர்களும் இருந்தார்கள்: இங்கே பிழைப்பு அமையாமல் தரைவழியாகவே பர்மா திரும்பப் புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கி, அங்கே கோயிலும் தமிழ்ச் சங்கமும் கட்டியவர்கள். பர்மா அவர்களுக்கு எவ்வளவு சொந்தமாக இருந்தது என்பதற்கு மோரே ஒரு சான்று என்றால், அத்தோ வண்டி இன்னொன்று.

திரும்பக் கவுனி அரிசிக்கு வருகிறேன். அதுவும் கடல் கடந்த பண்டம்தான். அது வந்தது வியாபாரத்தின் செல்வாக்கோடு. பர்மா தேக்கு வந்த அதே வழியில், காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குள். அத்தோ வந்தது எல்லாம் பறிபோன பின், முகாம் வழியாக. ஒன்றை மரபு என்றும் மற்றதை அசல் அல்லாத தெருத் தீனி என்றும் நாம் பிரிப்பதில் நாக்குக்குப் பங்கு குறைவு. எந்த வாசல் வழியாக வந்தது என்பதற்கே பங்கு அதிகம். இதைச் சொல்வது ஏழ்மைக்குப் பூச்சூட்டுவது ஆகாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பூ வேண்டாம், இடம் கொடுங்கள். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக்கூடாது என்கிறது. பர்மா பஜார் 1969-ஆம் ஆண்டினது. அதை ஒட்டிய வண்டிகளுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்பதற்கான கால அளவை அந்தச் சந்தை தாண்டிவிட்டது. மாநகராட்சியின் விற்பனைக் குழு எடுத்துக்கொள்ள வேண்டிய கோப்பு இது.