சாமி யாருக்குத் திதி கொடுக்கிறது?

ஒவ்வொரு மாசி மகத்தன்றும் அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போகிறார். கௌதம நதிக்கரையில், செத்துப்போன ஓர் அரசனுக்கு மகன் முறையில் திதி கொடுக்கிறார். அரசன் பெயர் வல்லாள மகாராஜா. அதற்கு ஒரு மாதம் முன்பு, தைப்பூசத்தன்று ஈசான்யக் குளத்தில் தீர்த்தவாரி நடக்கும்போது அவனுடைய சாவுச் சேதி வரும். சாமி மேளமில்லாமல் கோயிலுக்குத் திரும்பும். பிள்ளையில்லாத ராஜா, குழந்தையாக வந்த சிவன், கொள்ளி போட ஆளில்லாதவனுக்குக் கடவுளே மகன் என்ற கதை நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அருணாசல புராணத்திலும் இருக்கிறது.

கதையை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்போம். மூன்றாம் வல்லாளன் ஹொய்சள அரசன். அவனுடைய தலைநகரம் இன்றைய கர்நாடகத்தின் ஹளேபீடு. 1311இல் மாலிக் கபூர் படையெடுத்து வந்த பிறகு அவன் ஆட்சி ஆட்டம் கண்டது. பிற்காலத்தில் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடமாக்கிக் கொண்டான். மதுரை சுல்தானோடு நடந்த போரில் 1342 வாக்கில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். எண்பது வயதைத் தாண்டியவனின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள் என்று இப்னு பதூதா எழுதுகிறார். கொடூரமான சாவுதான். ஆனால் நான் கேட்க நினைப்பது வேறு. கன்னட நாட்டிலிருந்து வந்த அரசனுக்கு இந்த மலையின் சாமி எப்படி மகனானது?

இதைப் புரிந்துகொள்ள ஐரோப்பாவுக்குப் போய்வருவது நல்லது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தோழர்களுக்குச் சார்லமேன் ஒரு மதிப்பெண் கேள்வி. அவனுக்கு முந்தைய கதை அதைவிடச் சுவையானது. ஃபிராங்கியர் என்ற ஜெர்மானியக் கூட்டத்தின் அரசன் குளோவிஸ், 5ஆம் நூற்றாண்டு முடியும் காலத்தில் அல்லது 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரீம்ஸ் நகரத்து ஆயர் ரெமிஜியுஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றான். அவனோடு படைவீரர்கள் மூவாயிரம் பேருக்கு மேல் பெற்றதாக தூர் நகர ஆயர் கிரிகோரி எழுதினார். அந்த மூவாயிரம் பேரிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. தலைவன் தண்ணீரில் இறங்கினால் படையும் இறங்கும், அவ்வளவுதான்.

அந்த வம்சத்தை 751இல் ஒதுக்கிவிட்டு அரண்மனை அதிகாரியாக இருந்த பெப்பின் அரசனானான். ராஜ ரத்தம் இல்லாதவன். என்ன செய்தான்? போப்பின் சம்மதத்தை வாங்கி, தலையில் புனித எண்ணெய் பூசிக்கொண்டான். 754இல் போப் ஸ்டீபனே ஃபிரான்சுக்கு வந்து மறுபடியும் பூசினார். பதிலுக்குப் பெப்பின் இத்தாலியில் போப்புக்கு நிலப்பகுதிகளைக் கொடுத்தான். 800இல் கிறிஸ்துமஸ் அன்று அவன் மகன் சார்லமேனுக்குப் போப் லியோ பேரரசர் முடி சூட்டினார். ரத்தத்தில் இல்லாத உரிமை எண்ணெயில் வந்தது. குளோவிசின் ஞானஸ்நானத்துக்கு வானத்திலிருந்து ஒரு புறா எண்ணெய்ச் சிமிழைக் கொண்டுவந்தது என்ற கதையும் உண்டு. அதை எழுதியவர் ஹிங்க்மார், மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்தவர். அவரும் ரீம்ஸ் ஆயர்தான்! கதையால் லாபம் யாருக்கு என்று கேட்டால் பாதி வரலாறு புரிந்துவிடும்.

பெப்பினுக்கு எண்ணெய், வல்லாளனுக்கு மகன் உறவு. வெளியூர் அரசனைச் சாமியின் அப்பனாக்கும் கதை அரசனுக்கும் உதவுகிறது, கோயிலுக்கும் உதவுகிறது. கோயிலில் இன்றும் வல்லாள கோபுரம் நிற்கிறது. பிறகு வந்த விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயன் 217 அடி ராஜகோபுரத்தைத் தொடங்கினான். தஞ்சை நாயக்கன் செவ்வப்பன் முடித்தான். வம்சம் மாறினாலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் மாறவில்லை.

சரி, அடியில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

சார்லமேன் சாக்சன் மக்கள்மீது முப்பது ஆண்டுக்கு மேல் போர் நடத்தினான். 782இல் வெர்டன் என்ற இடத்தில் 4,500 பேரைக் கொன்றதாக ஃபிராங்கிய அரசுக் குறிப்பே சொல்கிறது. சாக்சன் நாட்டுக்கு அவன் போட்ட சட்டத்தில் ஞானஸ்நானம் மறுத்து ஒளிந்திருப்பவனுக்கு மரண தண்டனை. ஒவ்வொரு கோயிலுக்கும் அந்த வட்டாரத்து மக்கள் ஒரு வீடும் இரண்டு பங்கு நிலமும் தரவேண்டும். 120 பேருக்கு ஓர் அடிமை ஆணும் ஓர் அடிமைப் பெண்ணும் தரவேண்டும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தனி. சார்லமேனின் சபையிலிருந்த அறிஞர் அல்குயின்கூட 796இல், விசுவாசத்தை வற்புறுத்திக் கொடுக்க முடியாது, புதிதாக வந்தவர்களிடம் பத்தில் ஒரு பங்கு கேட்காதீர்கள் என்று எழுதவேண்டி வந்தது.

நம் பக்கம் கல்வெட்டைப் பாருங்கள். ராஜராஜன் தஞ்சைக் கோயிலுக்கு எழுதிவைத்த ஊர்களின் கணக்கில், வரியில்லாத நிலங்களின் பட்டியலில், ஊர்நத்தம், சுடுகாடு, வாய்க்கால் இவற்றோடு பறைச்சேரியும் வருகிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசாங்க ஆவணம் அது. 'தீண்டாமை வெள்ளைக்காரன் உண்டாக்கியது' என்று வாட்சப்பில் அனுப்புகிற அன்பர்களுக்கு இதை அனுப்பிவையுங்கள். திருப்பாம்புரத்தில் 1201இல் பஞ்சம் தாங்காமல் ஒரு வெள்ளாளர் தன்னையும் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். நிலமுள்ள சாதிக்கே அந்தக் கதி என்றால் சேரிக்கு என்ன கதி என்று யோசியுங்கள்.

அடிமையும் நிலமும் இரண்டு இடத்திலும் கோயிலுக்குப் போயின. ஆனால் வாசலில் கதை மாறுகிறது. அங்கே அரசன் கத்தியைக் காட்டி உள்ளே வா என்றான், வராதவனைக் கொன்றான். இங்கே உள்ளே வர நினைத்ததே குற்றம். நந்தன் கதையில் உள்ளே போக நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. அதனால் ஐரோப்பியப் பண்ணையாள் நம்மைவிட நன்றாக வாழ்ந்தான் என்று சொல்லமாட்டேன். அவன் ஒரே கிண்ணத்துக் கடவுளை வணங்கிவிட்டு மறுநாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழுதான். ஆனால் அவன் தொட்டால் கடவுளுக்குத் தீட்டு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சாதி என்ன செய்தது என்பது இந்த ஒப்பீட்டில்தான் பளிச்சென்று தெரிகிறது.

மதமாற்றம் என்றாலே வாளும் ஆசைவார்த்தையும் என்று பேசுகிறவர்கள் சார்லமேனைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் அம்பேத்கரோடு லட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவியபோது எந்த அரசனும் இல்லை, படையும் இல்லை. 1935இல் இயோலாவில் அறிவித்துவிட்டு இருபத்தோரு ஆண்டு படித்து, விவாதித்து, எடுத்த முடிவு அது. குளோவிசின் மூவாயிரம் பேரையும் இதையும் ஒரே சொல்லால் அழைப்பது சோம்பேறித்தனம்.

மறுபடியும் நம் மாவட்டம். கோயில் நுழைவுச் சட்டம் இந்த மாகாணத்தில் 1947லேயே வந்துவிட்டது. தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயில், அறநிலையத்துறையின் கீழ் உள்ளது. அங்கே நம் மக்கள் உள்ளே போனது 2023 ஜனவரி 30இல். சுமார் எண்பது ஆண்டு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பொங்கல் பானையோடும் மாலையோடும் போனார்கள். சுற்றிலும் போலீஸ். அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயில். அங்கேயும் போலீஸ் பாதுகாப்போடுதான் நம் ஆட்கள் அம்மனைப் பார்த்தார்கள். அந்த ஆண்டும் மாசி மகத்தில் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு போய், அறுநூற்று எண்பது ஆண்டுக்கு முன் செத்த அரசனுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்தார்.