பள்ளிப்பட்டும் படாஸ்கர் கோடும்

திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த பள்ளிப்பட்டில் தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒரே கடைத்தெருவில் புழங்குவது புதுமையன்று. ஆற்காட்டு நவாபுகளின் ஆளுகைக் காலத்திலும், 1801இல் கர்நாடகப் பகுதி கும்பினியார் வசமான பின்னரும் இவ்வட்டாரத்தை மொழியால் பிரிக்க எவரும் முனைந்ததில்லை. கார்வேட்டிநகர ஜமீனின் குடிகளில் இரு மொழியினரும் இருந்தனர். 1911இல் வடஆற்காட்டிலிருந்து சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டதும் நிர்வாக வசதிக்காகவே.

அந்த வசதிக்கோடு 1953 அக்டோபர் முதல் நாள் மாநில எல்லையாயிற்று. தெலுங்கர் பெரும்பான்மையினர் என்னும் அடிப்படையில் சித்தூர் மாவட்டம் முழுவதும் ஆந்திரத்துடன் இணைந்தது. மாவட்டத்தை அலகாகக் கொண்டால் கணக்குச் சரியே; தென்கிழக்கு ஊர்களை எண்ணினால் தமிழரே மிகுதி. ம.பொ.சி., மங்கலங்கிழார், திருத்தணி விநாயகம் ஆகியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் ஆதாரம் இதுவே. நடுவராக அமர்ந்த முன்னாள் மத்திய அமைச்சர் எச்.வி. படாஸ்கர் மாவட்டத்தை விட்டுக் கிராமத்தை அலகாக எடுத்தார். நிலத் தொடர்ச்சியையும் மொழிப் பெரும்பான்மையையும் அளவுகோலாக்கினார். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. சத்தியவேடு ஆந்திரம் சென்றது. திருப்பதியும் சித்தூரும் புத்தூரும் அங்கேயே நின்றன. இரு அரசுகளும் இத்தீர்வை ஏற்றன. இதே அளவுகோலைப் பெல்காம் வழக்கில் மகாராட்டிரம் இன்றளவும் கேட்டுக்கொண்டிருக்கிறது. படாஸ்கர் மராட்டியர் என்பது வேடிக்கையான செய்தி.

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபோது ஜார்ஜியாவினுள் ஒசேத்தியர்க்கும் அப்காசியர்க்கும் வகுக்கப்பட்டிருந்த உள்நிர்வாகக் கோடுகள் போர்முனைகளாயின. 2008இல் மீண்டும் குருதி சிந்தியது. அங்கு இரு தரப்பாரும் ஏற்ற நடுவர் ஒருவர் வாய்க்கவில்லை.

ஆயினும் படாஸ்கர் கணக்கில் விடுபட்டவர்கள் உண்டு. தமிழரா தெலுங்கரா என்ற கேள்விக்கு உருது பேசும் முஸ்லிம் குடும்பம் என்ன விடை சொல்லும்? கிராமத்தை அலகாகக் கொண்டாலும் மாவட்டத்தை அலகாகக் கொண்டாலும் அது சிறுபான்மைதான். வடஆற்காட்டின் வேலூரில் ஷா அப்துல் வஹ்ஹாப் ஹழ்ரத் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்துக்கு இரு பகுதிகளிலிருந்தும் மாணவர் வந்தனர். அவர்கட்கு இக்கோடு பொருட்டன்று. மொழி வேறுபாட்டை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகப் பயின்ற அம்மாணவர்களின் பிள்ளைகள், கோட்டின் இப்புறம் தமிழையும் அப்புறம் தெலுங்கையும் பள்ளிமொழியாக ஏற்றனர். ஒரே பாட்டனாரின் பேரர்கள் இரு எழுத்துகளில் மடல் எழுதும் நிலை அப்படி உண்டாயிற்று. இந்த இழப்பை எந்த ஆணையமும் எண்ணவில்லை.

கிராமங்களைப் பிரித்தது போல் குசத்தலை ஆற்றைப் பிரிக்க இயலவில்லை. அதன் மேற்பகுதி ஆந்திரத்திலும் பள்ளிப்பட்டு அதன் கீழும் அமைந்துள்ளன. கார்வேட்டிநகரப் பகுதியில் இரு நீர்த்தேக்கங்கள் கட்டும் ஆந்திரத் திட்டத்தைக் கைவிடக் கோரி 2022 ஆகஸ்டில் தமிழக முதல்வர் மடல் எழுதினார். பாசன நீருக்காகக் காத்திருக்கும் உழவர் எந்த மொழியினர் என்று அந்த ஆறு கேட்பதில்லை. மேலே நிற்பவர் யார், கீழே நிற்பவர் யார் என்பதே அங்கு வழக்கு.