நீலப் புகையும் இரைச்சலும் அடங்கிய கதை

ஒரு காலத்தில் மலேசியச் சாலைகளில் டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் போனால் நீலப் புகை பின்தொடரும். பெட்ரோலுடன் எண்ணெயும் சேர்ந்து எரிந்ததே காரணம். எரியாத பெட்ரோலும் வெளியேறிக் காற்றைக் கெடுத்தது. ஃபோர்-ஸ்ட்ரோக் இயந்திரத்தில் எண்ணெய் பெட்ரோலுடன் கலப்பதில்லை. 1958இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் அவ்வகையே. பின்னர் புகைக்குழாயில் சேர்ந்த வினையூக்கி, நச்சு வாயுக்களைக் குறைத்தது. சைலன்சரோ ஒலியலைகளை உள்ளறைகளில் மோதவிட்டுத் தணிக்கிறது.

மலேசியா 1987இல் வாகன இரைச்சலுக்கும், 2003இல் மோட்டார் சைக்கிள் புகைக்கும் விதிமுறைகள் வகுத்தது. சிங்கப்பூரில் 2003 ஜூலைக்கு முன் பதிவான பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்கு 2028 ஜூன் 30 வரையே அவகாசம்.

ஆயினும் சைலன்சரை அறுத்தெறிந்து வீரம் காட்டும் இளைஞர்கள் இன்றும் உண்டு. சட்டம் அடக்கிய இரைச்சலை அவர்கள் மீண்டும் அவிழ்த்துவிடும்போது, உறக்கம் கலைவது அண்டை வீட்டுக் குழந்தைக்குத்தான்.