மருந்தின் வரலாறும் மரிக்கொழுந்துப் பாசியும்

மருந்துகளின் வரலாறு கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1943இல் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர். 1952இல் நோபல் பரிசு போனது பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு. இந்தச் சண்டை ஊருக்கெல்லாம் தெரியும். அந்த நுண்ணுயிர் எதன்மேல் வளர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. அகார்மேல். அதாவது, கடற்பாசியைக் காய்ச்சி உறைய வைத்த கூழின்மேல்.

அகாரைச் சோதனைக்கூடத்துக்குக் கொடுத்ததே ஒரு சமையலறைதான். ஜாவாவிலிருந்து வந்த பக்குவம் அது. 1881இல் ஃபானி ஹெஸ்ஸே தன் கணவருக்குச் சொன்னார். கணவர் ராபர்ட் கோக்கிடம் வேலை பார்த்தவர். காசநோய்க் கிருமி பற்றிய கோக்கின் 1882ஆம் ஆண்டுக் கட்டுரையில் அகார் இடம்பெற்றது. ஃபானியின் பேர் இல்லை.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் அகார் வராமல் போனபோது இந்திய ஆய்வாளர்கள் நம் கரைப் பாசிகளின் பக்கம் திரும்பினார்கள். 1947இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. ஜெலிடியெல்லா, கிராசிலேரியா, சர்காசம் என்று விஞ்ஞானம் எழுதியவற்றுக்கு இந்தக் கரையில் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பேர். முதல் இரண்டும் அகாருக்கு, கட்டக்கோரை ஆல்ஜினேட்டுக்கு. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிறோமே, அந்த மருந்துகளிலும் ஆல்ஜினேட் உண்டு. பின்னாளில் இதே நிலையம் பாசிச் சாற்றிலிருந்து மூட்டுவலிக்கும் சர்க்கரை நோய்க்கும் தயாரிப்புகளை உருவாக்கித் தனியாருக்கு உரிமம் தந்தது.

பாசியை எடுப்பவர்கள் பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்ப் பெண்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்குகிறார்கள். பாறையில் கிழிபடுவது அவர்கள் கை.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. பாசி எடுத்த இடத்திலேயே அவர்கள் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். மாதம் 12 நாள்தான் முங்குவது, பாறையைச் சுரண்டும் தகரத்தை விடுவது என்று விதி போட்டுக்கொண்டவர்களும் இவர்களே. 2015இல் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. உலகம் பாதுகாவலர் என்றது. வனச்சட்டத்தின் கண்ணில் குற்றவாளி.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம், இயற்கை வளத்தைக் காத்தவர்களுக்கும் அதுபற்றிய அறிவுடையவர்களுக்கும் பயனில் பங்கு உண்டு என்கிறது. நல்லதுதான். ஆனால் கடலுக்குள் இறங்கும் உரிமை இல்லாதவளுக்குப் பங்கு என்பது பிச்சையாகத்தான் வரும். முதலில் கடல் வேணும். பங்குக் கணக்கைப் பிறகு பேசலாம்.