கடலடிக் கோயிலும் மெய்நிகர் காட்சிக்கூடமும்: திருகோணமலையின் ஒளிப்பட வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

திருஞானசம்பந்தர் ஈழத்துத் திருகோணமலைக்கு நேரில் வந்தவரல்லர். இராமேசுவரத்தில் இருந்தவாறே கோணமாமலையையும் மாதோட்டத்துக் கேதீச்சரத்தையும் பாடிப் பரவினார் என்பதே பெரியபுராணம் தரும் செய்தி. கடலை நோக்கிய குன்று, அதனை மோதும் அலை, அங்கு உறையும் இறைவன் ஆகிய யாவும் அவர் பதிகத்தில் கண்ணெதிரே நிற்பனபோல் அமைந்துள்ளன. செல்லாத இடத்தைச் சென்று கண்டதுபோல் உணர்த்துதல் கணினி யுகத்தின் கண்டுபிடிப்பன்று என்பதற்கு இதனினும் பழைய சான்றொன்றை இத்துறைமுகம் தொடர்பாகத் தேடவேண்டியதில்லை. எனினும் சொல்லாற் காட்டுவது வேறு; ஒளியாற் பதிந்து காட்டுவது வேறு. சொல்லைக் கேட்பவன் அதனைக் கவிஞனின் காட்சியாக ஏற்கிறான். ஒளிப்படத்தைக் காண்பவனோ அதனைச் சான்றாகவே கொள்கிறான். இந்த வேறுபாடே பிற்காலச் சிக்கல்கள் பலவற்றுக்கு வித்தாயிற்று.

ஒளிப்படக்கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்படுவதற்கு முன்னரே திருகோணமலை ஐரோப்பியரின் காட்சிப் பொருளாகிவிட்டது. 1620களின் முற்பகுதியில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினான். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் பிரித்தானியரும் அக்கோட்டையைக் கைப்பற்றினர். அது பிரட்றிக் கோட்டை எனப் பெயர் பெற்றது 1803இலாகும். ஓவியர் சாமுவேல் டானியல் 1808இல் இலண்டனில் வெளியிட்ட பன்னிரு இலங்கைக் காட்சிப் படங்களில் ஒஸ்ரன்பேர்க் கோட்டையிலிருந்து தோன்றும் திருகோணமலைத் துறைமுகமும் இடம்பெற்றது. இலண்டன் செல்வர்கள் தம் வீட்டு மேசையில் விரித்துப் பார்த்த திருகோணமலை அதுவே. அதில் துறைமுகத்தின் எழில் உண்டு. இடிக்கப்பட்ட கோயிலின் வரலாறு இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், படத்தைப் பார்ப்பதிலிருந்து படத்தினுள் நுழைவதற்கு மனிதன் முயலலானான். 1838இல் சாள்ஸ் வீற்ஸ்ரன் விளக்கிக்காட்டிய இரட்டைப்படக் கருவி, இரு கண்களுக்கும் சிறிது வேறுபட்ட இரு படங்களைத் தனித்தனியே காட்டி, ஆழமுடைய ஒரு காட்சியாக அவற்றை மூளையில் இணையச் செய்தது. டேவிட் புரூஸ்டர் அதற்கு வில்லைகள் பொருத்தினார். 1851ஆம் ஆண்டின் இலண்டன் மாபெரும் பொருட்காட்சிக்குப் பின்னர் அது வீடுதோறும் பரவியது. அமெரிக்கக் கம்பனியான அண்டர்வூட் அண்ட் அண்டர்வூட், நாடு நாடாக இத்தகைய படத்தொகுதிகளை விற்றது. இந்தியாவும் இலங்கையும் அவற்றுள் அடங்கும். அத்தொகுதிகளுடன் ஒரு நிலப்படமும் இணைக்கப்பட்டிருக்கும். பார்ப்பவர் எவ்விடத்தில் நிற்கிறார், எத்திசையை நோக்குகிறார் என்பன அதிற் கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கும். படத்தை மட்டுமன்றி நிற்குமிடத்தையும் விற்ற முதல் வணிகம் இதுவே எனலாம். இன்றைய மெய்நிகர் உலகங்களின் தாய்வேரை இந்நிலப்படத்திலே காணவேண்டுமேயன்றிக் கணினியில் மட்டும் தேடுதல் பொருந்தாது.

இலங்கையில் ஒளிப்படத்தை வரலாற்றுச் சான்றாக முறைப்படி பயன்படுத்தும் முயற்சி 1868இல் ஆளுநர் சேர் ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் அமைத்த தொல்லியற் குழுவுடன் தொடங்கியது. அதற்கென யோசப் லோற்றன் 1870–71ஆம் ஆண்டுகளில் எடுத்த படங்கள் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா முதலிய இடங்களின் இடிபாடுகளைக் காட்டுவன. காடு மூடிய தூண்களும் சரிந்த தாதுகோபங்களும் அப்படங்களால் உலகறிந்தன. பின்வந்த புனரமைப்புப் பணிகளுக்கு முந்திய நிலையை அறிய அவையே இன்றும் துணைநிற்கின்றன. ஆயின், நிலத்தின் மேல் நின்ற இடிபாட்டையே கமராவால் நோக்க இயன்றது. கோட்டைச் சுவராக மாறிவிட்ட கோயிலையோ கடலடியிற் கிடந்த தூணையோ அதனாற் பதிவுசெய்ய முடியவில்லை. இஃது எவருடைய சதியுமன்று. கருவியின் எல்லை ஒருபுறம், ஆட்சியாளரின் ஆர்வத்தின் எல்லை மறுபுறம். எனினும் விளைவு ஒன்றே: இலங்கையின் பழைமை எனும்போது மனக்கண்ணில் எழும் படங்களின் வரிசையில் திருகோணமலைக்கு இடம் இல்லாது போயிற்று.

அக்குறை 1956இல் ஓரளவு நீங்கியது. அவ்வாண்டு இலங்கைக்கு வந்த ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும் அவர்தம் நண்பரும் நீரடி ஒளிப்படக் கலைஞருமான மைக் வில்சனும் சுவாமிமலையின் அடியிற் கடலுள் மூழ்கினர். செதுக்கப்பட்ட கற்றூண்களும் கட்டடக் கற்களும் அங்கு சிதறிக் கிடந்தன. சுயம்புலிங்கம் எனக் கருதப்பட்ட கல்லொன்றை வில்சன் கண்டார் என்றும், அது பின்னர் கரைசேர்க்கப்பட்டுக் கோயிலில் வைக்கப்பட்டது என்றும் கூறுவர். 1957இல் வெளிவந்த கிளாக்கின் 'தப்பிரபேன் கடற்பாறைகள்' பற்றிய ஆங்கில நூல் இம்மூழ்கலை விவரிக்கின்றது. ஏறத்தாழ முந்நூற்று முப்பது ஆண்டுகள் ஏட்டிலும் வாய்மொழியிலும் மட்டுமே வாழ்ந்த ஓர் இடிபாடு, அன்று முதன்முறையாக ஒளிப்படச் சான்றைப் பெற்றது. 1950இல் கிணறு வெட்டியபோது வெளிப்பட்ட செப்புத் திருமேனிகள் மக்கள் மனத்தில் எழுப்பியிருந்த எழுச்சிக்கு இக்கண்டுபிடிப்பு மேலும் உரமூட்டியது. புதிதாகக் கட்டப்பட்ட கோயிலின் குடமுழுக்கு 1963இல் நிகழ்ந்தது.

வில்சனின் வாழ்க்கையும் ஈண்டு நோக்கத்தக்கது. அவர் 1962இல் நெறிப்படுத்திய 'ரன் முத்து தூவ' என்னும் சிங்களத் திரைப்படம் இலங்கையின் முதல் முழுநீள வண்ணப் படமாகும். அதன் நீரடிக் காட்சிகள் திருகோணமலைக் கடலைத் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தன. கோணேசர் கடலைக் கண்ணாற் கண்ட இலங்கையருட் பெரும்பாலோர் இத்திரைப்படத்தின் வாயிலாகவே அதனைக் கண்டனர் எனக் கருதுவதிற் பிழையில்லை. பிற்காலத்தில் வில்சன் சுவாமி சிவகல்கி என்னும் பெயருடன் துறவு வாழ்க்கை மேற்கொண்டார்.

இன்னுமொரு பொருத்தம் உண்டு. கிளாக் சுவாமிமலைக் கடலில் இறங்கிய அதே 1956இலேயே அவருடைய 'நகரமும் விண்மீன்களும்' என்ற நாவல் வெளியாயிற்று. அதில் வரும் தியாஸ்பார் நகரத்து மக்கள், இயந்திரத்தின் துணையாற் கற்பனை உலகங்களுக்குள் ஒருங்கே புகுந்து, உடல் அசையாமலே வீரச்செயல் புரிகின்றனர். நகரத்தின் ஒவ்வோர் அங்கமும் நினைவுக் களஞ்சியமொன்றிற் பதிந்திருத்தலால் அங்கு எதுவும் சிதைவதில்லை. சிதைந்த கோயிலைக் கடலடியிற் கண்டவரும் சிதையாத நகரத்தைக் கற்பனை செய்தவரும் ஒருவரே. இவ்விரண்டுக்குமிடையே காரண காரியத் தொடர்பு கற்பிப்பது மிகையாகும். ஆயினும் திருகோணமலையையும் மெய்நிகர் உலகையும் ஒருங்கே எண்ணுவதற்கு இதனினும் ஏற்ற தொடக்கம் இல்லை.

கிளாக் கற்பனை செய்ததன் எளிய வடிவம் 2003ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் லிண்டன் லாப் நிறுவனம் தொடங்கிய 'செக்கன்ட் லைஃப்' என்னும் மெய்நிகர் உலகில், பங்குபற்றுவோர் தமக்கென ஓர் உருவை அமைத்து, நிலம் வாங்கி, வீடு கட்டி, பண்டம் விற்று வாழ்வர். அவ்வுருவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'அவதாரம்' என்னும் நம் சொல்லே. கலைக்கூடங்கள் அங்கு விரைவிற் பெருகின. ஒளிப்படக் கண்காட்சியொன்றுக்குச் செல்லும் அவதாரம் கூடத்தினுள் நடந்து செல்லும். மாட்டப்பட்ட படத்தின் முன் நிற்கும். அருகில் நிற்கும் வேற்றுநாட்டாரின் அவதாரத்துடன் உரையாடும். தன் பார்வையை உடலினின்றும் பிரித்து, சுவரின் மூலை வரை அனுப்பவும் இயலும். அங்கு மாட்டப்படுவனவற்றிற் பல அவ்வுலகிலேயே எடுக்கப்பட்ட படங்கள். இல்லாத மலையில் இல்லாத சூரியன் மறைவதை இல்லாத கமராவாற் பதிந்தவற்றை ஒளிப்படம் எனலாமா என்ற வினா இன்னும் தீராதது. ஒளி படாத ஒன்றுக்கு அப்பெயர் பொருந்தாது என்பது ஒரு சாரார் வாதம். இடமும் நேரமும் கோணமும் தெரிந்தெடுப்பதே கலை, ஒளி வெறும் கருவி என்பது மறுசாரார் வாதம். வரலாற்று மாணவன் முன்னையதன் பக்கமே சாய்வான். அவனுக்கு வேண்டியது சான்று.

அரசுகளும் பெருங்கூடங்களும் அவ்வுலகில் இடம்பிடித்தன. 2007இல் அங்கு தூதரகம் திறந்த முதல் நாடு நம் அயலிலுள்ள மாலைதீவு. அதே ஆண்டு செருமனியின் திறெஸ்டன் நகரப் பழைய ஓவியக் கூடம், தன் சுவர்களிலுள்ள ஏறத்தாழ 750 ஓவியங்களையும் அறை அறையாக அங்கு மீள அமைத்தது. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. கலைஞர்களுக்கு இலவச நிலம் வழங்கி வந்த அவ்வுலகின் கலைநிதி அமைப்பும் 2019இல் முடிவுற்றது. மெய்நிகர் நிலத்துக்கும் மாத வாடகை உண்டு; செலுத்தத் தவறின் கூடமும் படங்களும் ஒருங்கே மறையும். இடிபாடுகூட எஞ்சாது. போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண் நான்கு நூற்றாண்டின் பின்னும் கடலடியிற் கிடக்க, நான்காண்டுக்கு முன் கட்டிய மெய்நிகர் கூடத்தின் ஒரு செங்கல்லும் கிடைப்பதில்லை என்பதை எண்ணுதல் வேண்டும்.

இஃது இவ்வாறிருக்க, காட்சிப்படுத்தலே காப்பாகவும் அமைவதுண்டு. இலங்கை ஒளிப்படக்கலையின் தலைமகனான லயனல் வென்ற் 1944இல் மறைந்தபின் அவருடைய மூலச்சுருள்கள் அழிக்கப்பட்டன. காட்டப்பட்ட பிரதிகளும், 1950இல் இலண்டனில் அச்சான தொகுப்புமே அவர் கலையை நமக்குக் காத்துத் தந்தன. பெட்டியிற் பூட்டிய படம் அழிந்தது. பிறர் கண்ட படம் பிழைத்தது.

திருகோணமலையைப் பொறுத்தவரை இது வெறும் கலைவினாவன்று. 1983இன் வன்செயல்களும் அடுத்த இரு தசாப்தங்களின் போரும் 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலையும் 2006இன் இடப்பெயர்வுகளும் இம்மாவட்டத்து இல்லங்களின் பெட்டகங்களை வெறுமையாக்கின. திருமணப் படம், கோயில் தேர்ப் படம், பாடசாலைக் குழுப் படம் ஆகியவை வீட்டுக்கு வீடு ஒரே பிரதியாக இருந்தவை. மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள இலங்கைத்துறை முகத்துவாரம் போன்ற சிற்றூர்களிலிருந்து வெளியேறியோர் உடன் எடுத்துச் சென்றது உயிரை மட்டுமே. இன்னொருபுறம், 1957 வரை இங்கிருந்த பிரித்தானியக் கடற்படையின் படங்கள் இலண்டன் களஞ்சியங்களில் எண்ணிடப்பட்டுப் பேணப்படுகின்றன. அவற்றில் கப்பலின் பெயர் இருக்கும். மாலுமியின் பெயரும் இருக்கக்கூடும். கப்பலில் மூட்டை ஏற்றிய திருகோணமலைத் தொழிலாளியின் பெயர் தேடினும் கிடைத்தல் அரிது. அப்பெயரைச் சொல்லக்கூடிய முதியோர் கடல்கடந்த களஞ்சியத்துக்குச் செல்ல இயலாதவர். அவர்தம் பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். சிதறிய குடும்பத்தார் ஒரே படத்தின் முன் ஒரே வேளையில் நின்று, இவர் யார் என வினவ இடந்தருவது மெய்நிகர் கூடமொன்றே. அதன் பெரும்பயன் இதுவேயன்றிக் காட்சியின் கவர்ச்சியன்று.

இத்தகைய முயற்சிகளுக்கு அடித்தளம் இல்லாமலுமில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களுடன் ஒளிப்படங்களையும் எண்ணிமப்படுத்தி யாவர்க்கும் திறந்துவைத்துள்ளது. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்து ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட படங்களைத் திரட்டியுள்ளது. 2020இல் பெருந்தொற்றால் உலகெங்கும் கூடங்கள் மூடுண்டபோது, திரைவழியே கண்காட்சி காணும் வழக்கம் எளியோருக்கும் பழகிப்போயிற்று.

ஆபத்தும் இங்கேயே உளது. மெய்நிகர் உலகிற் படத்தை மாட்டச் சுவர் கட்டுபவர், கோயிலையே கட்ட முற்படுவது இயல்பு. கடலடியிற் கண்ட தூண் ஒன்றைக் கொண்டு ஆயிரங்கால் மண்டபம் எழுப்பத் திரையில் ஒரு நாளே போதும். கோணேசர் கல்வெட்டும் தட்சிண கைலாச புராணமும் தரும் வருணனைகளைப் படமாக்கி, வில்சனின் ஒளிப்படத்துக்கு அருகே மாட்டினால், அடுத்த தலைமுறை இரண்டையும் ஒரே தரத்துச் சான்றாகக் கொள்ளும். ஒவ்வொரு குன்றுக்கும் இரு சமயத்தார் உரிமை கூறுவதும், ஓர் ஊர் தமிழில் இலங்கைத்துறை என்றும் சிங்களத்தில் லங்காபட்டுன என்றும் வழங்குவதுமான மாவட்டத்திற் கற்பனைக் கட்டடம் தீங்கற்ற விளையாட்டாகாது. நம் கோயிலை உயர்த்திக்காட்டும் கற்பனையைப் பிறர் பொய்யென மறுக்கும்போது, மெய்யான தூணும் உடன் மறுக்கப்படும். போற்றுவோரின் மிகைகூறலே இழப்பாக முடியும் இடம் இது.

சுவாமிமலைக் கடலில் இன்றும் நீர்மூழ்குவோர் உளர். அவர் எடுக்கும் படங்கள் நாளும் பரவுகின்றன. அவற்றிற் பலவற்றுக்கு நாளில்லை, ஆழமில்லை, எத்திசையில் எடுக்கப்பட்டதென்ற குறிப்பில்லை. பழைய இரட்டைப்படத் தொகுதியுடன் அண்டர்வூட் கம்பனி இணைத்து விற்ற நிலப்படத்தின் பெறுமதி இங்கே விளங்கும். கோட்டை வாயிலிற் செதுக்கப்பட்டுள்ள கயல்களையும் கடலடித் தூண்களையும் காட்டும் ஒளிப்படங்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் குறிப்பெழுதி, எடுத்தவர் பெயரும் நாளும் ஆழமும் சேர்த்து ஒரு சிறு கூடத்தில் வைத்தற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. 1956இன் படங்களை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால், தூண்கள் இடம் பெயர்ந்துள்ளனவா, மணல் எவ்வளவு மூடியுள்ளது என்பன கரையில் இருந்தவாறே கண்டறியக் கூடியனவாகும்.